பலூன் இறக்கிவைத்த நாட்கள்

என் நண்பரின் பனியன் கம்பெனி திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் இருந்தது. சாயங்காலம் டீ வேளையில் பேக்கிங் பிரிவிலிருந்து ஓர் இளைஞன் எழுந்து காம்பவுண்டுச் சுவரோரம் போவான். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்துவான். மணி ஒருமுறை அடித்ததும் துண்டித்துவிடுவான். பிறகு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தபடி நிற்பான். கொஞ்ச நேரத்தில் அவன் போன் ஒருமுறை அடித்து ஓய்ந்துவிடும். அவன் திரும்பி வந்து ஆறிப்போன டீயைக் குடிப்பான்.

அதுதான் அவனும் அவன் மனைவியும் பேசிக்கொண்டது. 'நான் நன்றாயிருக்கிறேன்' என்று ஒரு மணி, 'நானும்தான்' என்று ஒரு மணி. அவள் உடுமலைக்குத் தெற்கே, மலைக்குள், ஒரு பள்ளத்தாக்கில் இருந்த சின்ன ஊரில் இருந்தாள். வயிற்றில் முதல் குழந்தை. அந்த மணியை அங்கே அடிக்க வைத்தவன் நான். அதை நிறுத்தியவனும் நான்தான். நிறுத்தியதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அடிக்க வைத்த கதையைச் சொல்லாமல் அது யாருக்கும் விளங்காது.

நான் தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குன்னத்தூர்ப் பக்கம் பிறந்து, கோயமுத்தூரில் படித்து, கடைசியில் வேலம்பாளையத்தில் வீடு கட்டிக் குடியேறியவன். வேலையில் இருந்தபோது ஒருநாள் அந்த மலையூர்க்காரர்கள் நாலைந்து பேர் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். ஊருக்கு ஒரு போன் வேண்டும் என்றார்கள். காட்டுக்குள் கம்பி இழுக்க முடியாது, நடுவில் மலை நிற்பதால் அலையும் போகாது என்று சொன்னேன். அவர்களில் மூத்தவர் கூரையைப் பார்த்தபடி, "மழைக்கு எங்க ஊருக்கு வர வழி தெரியுதே சாமி, உங்க போனுக்குத் தெரியாதா?" என்றார். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். வெறுங்கையோடு அனுப்பிவைத்தேன்.

ஓய்வுக்குப் பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மழை மேலிருந்து வருகிறது. அவ்வளவுதானே விஷயம். அந்த நாட்களில் வெளிநாட்டு அறிவியல் பத்திரிகைகளில் ஒரு கனவு அடிக்கடி வந்துகொண்டிருந்தது. தரையிலிருந்து இருபது கிலோமீட்டர் உயரத்தில், மழைக்கும் மேகத்துக்கும் மேலே, வெயிலில் ஓடும் விமானமோ பெரிய காற்றுக்கப்பலோ நாள்கணக்கில் நின்று, ஒரு ஜில்லா முழுவதற்கும் போன் தொடர்பு கொடுக்கும் என்று எழுதியிருந்தார்கள். கோபுரம் நட முடியாத இடத்துக்கு வானமே கோபுரம். எனக்கு இருபது கிலோமீட்டர் வேண்டியதில்லை. அந்தப் பள்ளத்தாக்குக்கும் சமவெளிக்கும் நடுவே இருந்த முகட்டுக்கு மேலே ஒரு கயிற்று நீளம் உயர்ந்தால் போதும். அங்கிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் சமவெளியின் செல்போன் கோபுரமும் தெரியும், அந்தப் பக்கம் ஊரும் தெரியும். கோபுரத்தின் அலையை வாங்கிப் பெரிதாக்கி ஊருக்குள் இறக்கிவிடும் ஒரு சின்னப் பெட்டியை ஒரு பலூனில் கட்டிப் பறக்கவிட்டால் வேலை முடிந்தது.

இதை என் நண்பரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவர், விவசாயக் காட்டை விற்றுப் பனியன் கம்பெனி வைத்தவர். மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. தோப்பு வேலைக்கு வந்த மலையூர்ப் பிள்ளைகளில் சிலரைத் திருப்பூருக்கே கூட்டிவந்துவிட்டார். அவருக்கு வேறொரு கணக்கு இருந்தது.

"லீவுல ஊருக்குப் போனா கெணத்துல போட்ட கல்லுங்க அவனுக. ஷிப்மென்ட் நேரத்துல கூப்பிடோணும்னா ஒருத்தன் மலையேறிப் போவோணும். ஆகாசத்துல கட்டி உடலாங்கறீங்களா? உடுங்க. நா இருக்கறேன்."

ஒரு செல்போன் கம்பெனி சோதனைக்கு ஒப்புக்கொண்டது. தேறினால் மற்ற மலையூர்களிலும் இப்படியே செய்யலாம் என்றார்கள். வனத்துறையிலும் மற்ற இடங்களிலும் அனுமதி வாங்க அலைந்தேன். விளம்பர பலூன் செய்கிற கோயமுத்தூர்க்காரர் ஒருவர் பலூனைச் செய்துகொடுத்தார். பெட்டியைச் சுமக்கவும் கயிற்றைப் பிடிக்கவும் வேண்டிய நைலான் பட்டைகளை மட்டும் நண்பரின் கம்பெனியில் தைத்தோம். தையல் பிரிவில் அன்று வேலையே ஓடவில்லை. மதுரைப் பக்கத்து அக்கா ஒருத்தி பட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "எந்த ராட்சசனுக்கு சார் இந்தப் பனியன்? கழுத்துப்பட்டி எங்கிட்டு வைக்க?" என்றாள். கட்டிங் மாஸ்டர் விடவில்லை. "சைஸ் லேபிள் என்னன்னு போடறதுங்க? டபுள் எக்ஸ்எல் பத்தாதுங்களே." பட்டைகள் மட்டும் இரும்பு மாதிரி அமைந்தன. எளிதில் பிரியாத தையல்.

முகட்டில் பலூனை ஏற்றிய நாளன்று ஊரே மேலே வந்திருந்தது. அந்த இளைஞனும் லீவு போட்டு வந்திருந்தான். அப்போதுதான் அவன் மனைவியைப் பார்த்தேன். குள்ளமான, வாய் ஓயாத பெண். கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டாள்.

"இது அந்து போனா எங்க போகும்?"

"கேரளாவுக்கு."

"அப்ப நீ மணி அடிச்சா அங்க எவளோ எடுப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கு முகம் சிவந்துபோயிற்று.

போன் ஒன்றை அவன் அம்மாவின் வீட்டில், சூரிய விளக்கின் பக்கத்தில், சார்ஜ் ஏறுகிற மாதிரி வைத்துக்கொடுத்தேன். எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தேன். இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தேன். காற்று பலமாக அடித்தால் பலூன் சாயும், அப்போது லைன் போய்விடும், பயப்படக்கூடாது. "பதறாதீங்க. பொறுத்திருங்க. தானா வந்துடும்." அதைப் பலமுறை சொன்னேன். லைன் போகும்போதெல்லாம் யாராவது பயந்து மழைக்காட்டில் முகடேறி வரக்கூடாதே என்ற அக்கறையில்தான் சொன்னேன். அது உண்மை. அடுத்த முறை நான் அங்கே போனபோது அந்தப் பெண் வாசலிலிருந்தே, "பொறுத்திருங்க சார் வந்துட்டாரு!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்பதாவது மாதம் பிறந்ததும் கர்ப்பிணியைத் தூளி கட்டிக் கீழே இறக்கிவிடுவார்கள். கம்பில் கம்பளியைக் கட்டி அதில் உட்காரவைத்துத் தூக்கிவருவார்கள். முன்கம்பைப் புருஷன்தான் தாங்க வேண்டும். என் நண்பரின் தோப்பில் ஒரு சாளை, ஓலைக் குடிசை, இருந்தது. பிள்ளை பிறக்கும்வரை அங்கே இருப்பாள். கொசு, புழுக்கம், அந்நியர் நடமாட்டம். எந்தப் பெண்ணுக்கும் அது பிடிக்காது. ஆனால் ஜீப் வரும் ரோடு ஊருக்கு வெகு கீழேயே முடிந்துவிடும். வலி எடுத்த பிறகு ஆள் இறங்கிப் போய் வண்டி கூட்டிவருவது நடக்காத காரியம் என்று அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த அந்த இளைஞன் கொஞ்ச நாளிலேயே மறுபடி லீவு கேட்டான். ஷிப்மென்ட் நெருக்கம். பேக்கிங்கில் ஆள் குறைவு. மேனேஜர் முடியாது என்றார். அவன் முதலாளியிடம் போனான். அவர், "சார் வந்திருக்காரு, அவரையே கேளு, அவர் போகச் சொன்னா போ" என்று என்னிடம் அனுப்பிவிட்டார்.

என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கைகளில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப்பின் பிசுக்கு.

"அவளைக் கீழ எறக்கோணும் சார். முன்கம்பு நாந்தான் தாங்கோணும். எங்க வழக்கம்."

"எதுக்குக் கண்ணு கஷ்டம்? அதெல்லாம் போன் இல்லாத காலத்து வழக்கம். வலி எடுத்ததும் ஒரு போன் அடிச்சா தோப்பு ஜீப்பு ரோட்டு முனைக்கு வந்து நிக்கும். இவங்க தூக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள வண்டி வந்துடும். அந்தச் சாளைல கொசுக்கடில கெடக்கறதுக்கு அவ ஊட்ல நிம்மதியா இருக்கட்டும்."

அவன் யோசித்தான். "அவளுக்கும் எறங்க இஷ்டமில்லீங்க சார். அம்மாதான் எறக்கியே ஆகோணும்ங்குது."

"அம்மாகிட்ட நான் பேசறேன்."

பேசினேன். அந்த அம்மா நெடுநேரம் மறுத்தாள். பின்னணியில் மருமகளின் குரல், "சாரே சொல்றாரு, அப்புறம் என்ன?" என்று கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் பலூன் ஒரு பெண்ணைத் தூளியிலிருந்தும் கொசுவிலிருந்தும் காப்பாற்றிவிட்டது என்று அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது உயிரோடு இருந்தாள். "பெத்தவளுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

இனி அந்தச் சில நாட்கள்.

பலூனிலிருந்து வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். நிரப்புகிற சிலிண்டர் அந்த வாரம் வந்து சேரவில்லை. அதே வாரத்தில் செல்போன் கம்பெனி அதிகாரி சோதனையைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. இருக்கிற வாயுவோடு பறக்கவிட்டுக்கொண்டே இருந்தால் அதிகாரி வருகிற அன்று பலூன் தொங்கிப்போய் நிற்கும். என்ன செய்வது என்று நண்பரிடம் கேட்டேன்.

திருப்பூரில் சாம்பிள் என்பது சாமி மாதிரி. பையர், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர், ஒப்புக்கொள்ள வேண்டிய பனியனை ஆயிரம் தடவை பார்த்துத் தைத்து, நூல் வெட்டி, அயர்ன் பண்ணி, கவருக்குள் போட்டுத் தனியாகத் தொங்கவிடுவார்கள். அதை யாரும் தொடக்கூடாது. பையர் பார்க்கிற வரை அதில் ஒரு மடிப்பு விழக்கூடாது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எறக்கி வெச்சுருங்க சார்," என்றார் நண்பர். "ஆபீசர் வர்ற அன்னிக்கு விறைப்பா மேல ஏத்தலாம். அப்ரூவல் வாங்கற வரைக்கும் சாம்பிளை யாராச்சும் போட்டுத் திரிவாங்களா?"

எனக்கு அது சரி என்று பட்டது. அவரைக் குறைசொல்லமாட்டேன். அவர் பனியன் விற்கிறவர். போன் லைன் என்றால் என்ன என்று தெரிந்தவன் நான். நாங்கள் சாம்பிள் என்று நினைத்ததை மலையில் அவர்கள் உடுத்திக்கொண்டுவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் முகட்டில் பலூனுக்குக் காவல் வைத்திருந்தவரிடம் சொல்லி அதை இறக்கி அங்கிருந்த கொட்டகைக்குள் கட்டிவைத்தேன்.

ஊருக்குச் சொல்லி அனுப்பவில்லை. மறந்துபோய்விட்டது என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. சொன்னால், அதிகாரி வந்து விசாரிக்கும்போது அவர்களில் ஒருவர் வெள்ளந்தியாக, 'நடுவில் இறக்கிவைத்திருந்தார்கள்' என்று சொல்லிவிடுவார்களே என்று நினைத்தேன். சில நாள்தானே என்றும் நினைத்தேன். ஐப்பசி மழை விட்டு, முகட்டில் மேகம் படுத்துக் கிடந்த நேரம். பலூன் இருக்கிறதா இல்லையா என்று ஊரிலிருந்து பார்த்தால் தெரியாது.

முதல்நாள் சாயங்காலம் அவன் சுவரோரம் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினான். மறுநாளும் அப்படியே. அன்று கம்பெனிக்குப் போயிருந்த என்னிடம் வந்தான்.

"சார், மணி போகல. தொடர்பு எல்லைக்கு வெளிய இருக்காங்கன்னு ஒரு பொம்பள சொல்லுது."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றே பஸ் ஏறியிருப்பான். அவன் போயிருந்தால் பேக்கிங் ஒருநாள் தாமதமாகியிருக்கும். அவ்வளவுதான்.

"காத்து, கண்ணு," என்றேன். "மேல மழைக்காத்து. பொறுத்திரு, வந்துடும்."

அவன் சிரித்துவிட்டான். "அவளும் உங்களாட்டவே இதச் சொல்லிச் சொல்லித்தான் சார் சிரிப்பா." சிரித்துக்கொண்டே பேக்கிங்குக்குப் போனான்.

அதிகாரி வந்த அன்று காலை மேகம் விலகி வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வடக்கத்திக்காரர். ஆங்கிலமும் ஹிந்தியும் பேசினார், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நண்பர் தோப்பில் மதியச் சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகட்டில் நானும் அதிகாரியும் காவல்காரரும் மட்டும். சிலிண்டரும் வந்து சேர்ந்திருந்தது. பலூன் நிறைந்து விறைத்து, கயிறு முறுக்கிக்கொண்டு மேலே போயிற்று. அதிகாரி தன் போனைப் பார்த்தார். சிக்னல் கோடு எல்லாம் நிறைந்திருந்தது. என் தோளில் தட்டினார். ஊரைக் கூப்பிடுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள் என்றார்.

கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார்கள்.

"அம்மா, நான் போன் சார் பேசறேன். லைன் நல்லா கேக்குதுங்களா?"

நாய் ஒன்று குரைப்பது கேட்டது. பலர் இருக்கிற சத்தமும் கேட்டது.

"கேக்குது சாமி," என்றாள் அந்த அம்மா. "இப்பக் கேக்குது."

"என்னங்கம்மா?"

"நேத்து வெடியால வலி எடுத்திச்சு. இந்த மிஷின அமுக்கி அமுக்கிப் பாத்தோம். வரல. நீ சொன்னியே சாமி, பதறாதீங்க, பொறுத்திருங்க, வந்துரும்னு. பொறுத்திருந்தோம். நா எறக்கிரலாம்னேன். அவதான் அந்த வலியிலயும், பொறு அத்தை, பொறு, இப்ப வந்துரும்னா. உச்சிவெயில் வரைக்கும் பொறுத்திருந்தோம். அப்புறம் தூக்கினோம். ரோட்டு முனைக்கு வந்தா வண்டி எங்க இருக்கும்? அங்கயே பொறந்திச்சு. பொட்டப்புள்ள. புள்ள நல்லாருக்குது. இவளுக்கு ரத்தம் நிக்கல."

நாய் மறுபடி குரைத்தது.

"போயிட்டா சாமி."

காவல்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். குரல் எப்படி, தெளிவாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ரொம்பத் தெளிவு," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். போனுக்குள் அந்த அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "என் மகனுக்குச் சொல்லு சாமி. அவன் வந்தாத்தான் எடுப்போம்." ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, "சொல்றேம்மா" என்று தாழ்ந்த குரலில் சொல்லித் துண்டித்தேன். அதிகாரி மேலும் பல சோதனைகள் செய்தார். எல்லாவற்றுக்கும் உடன் நின்று பதில் சொன்னேன். பிறகு தோப்புக்கு இறங்கி அவரோடு இலை போட்டு உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. ஆனால் சாப்பிட்டேன்.

நண்பரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னபோது அவர் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ சாமி, ஐயோ சாமி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் திருப்பூருக்குப் போன் போட்டு அவனைக் கூப்பிடச் சொன்னேன்.

"கண்ணு, வலி எடுத்திருக்குது. உடுமலைக்குக் கொண்டாந்துட்டு இருக்கறாங்க. கம்பெனி வண்டில உடனே கெளம்பி வா."

"சார், அவகூட ஒரு வார்த்தை பேசலாங்களா? லைன் வந்துருச்சுங்களா?"

தலைக்கு மேலே, முகட்டின் உச்சியில், பலூன் வெள்ளையாக நின்றது.

"இல்ல கண்ணு. இன்னும் காத்துதான்."

வழியெல்லாம் அழுதுகொண்டு வரவேண்டாமே என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு நண்பரிடம் விளக்கினேன். அது ஒரு பகுதிதான். அவன் அம்மாவிடம் பேசினால் எல்லாம் வெளியாகிவிடும் என்ற பயம் இன்னொரு பகுதி. எது பெரிய பகுதி என்று எனக்குத் தெரியும்.

அன்று நடந்ததை வண்டி டிரைவர்தான் பிறகு சொன்னார். பல்லடம் தாண்டியதும் அவன் பழக்கத்தில் போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தியிருக்கிறான். லைன் இல்லை என்று தெரிந்தும். மணி போயிருக்கிறது. சந்தோஷத்தில் டிரைவரின் தொடையில் தட்டி, "அடிக்குதுண்ணா!" என்றானாம். வழக்கம்போல ஒரு மணியோடு துண்டித்துவிட்டுக் காத்திருந்திருக்கிறான். திரும்ப மணி அடித்தது. இந்த முறை ஒன்றோடு நிற்கவில்லை. விடாமல் அடித்தது. எடுத்தான். பேசியது அம்மா. அதற்குப் பிறகு உடுமலை வரும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லையாம்.

ரோட்டு முனையில் நான் காத்திருந்தேன். அவள் ரத்தம் சிந்திய இடத்தை மண்ணை வெட்டிப் போட்டு மூடியிருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கியவன் என்னைப் பார்த்தான். கோபத்தை எதிர்பார்த்து நின்ற என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அதில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"லைன் இருந்திச்சு சார்," என்றான்.

அவன் மலையேறத் தொடங்கினான். நான் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். பிறகு என்னால் நடக்க முடியவில்லை. வயதுதான் காரணம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

சோதனை தேறிவிட்டது. "அப்ரூவல் வந்துருச்சுங்க சார்" என்று நண்பர் போனில் சொன்னார். அதற்குப் பிறகு நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். நேர்மையான ஒருவன், சோதனை முடிந்து இறக்கிய அந்தப் பலூனை மறுபடி ஏற்றியிருப்பான், கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். அதுதான் அவளுக்குச் செய்திருக்க வேண்டிய கடன். எனக்கு அந்த முகட்டுக்குப் போக முகமில்லை. உடம்பு சரியில்லை, தொடர முடியாது என்று சொல்லி விலகிக்கொண்டேன். என்னை விட்டால் அதை எடுத்துச் செய்ய ஆள் இல்லை. செல்போன் கம்பெனியும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. என் வெட்கத்தை மறைக்க அந்த ஊரையும் மறுபடி ஊமையாக்கினேன். பல வருஷங்களுக்கு அங்கே மணி அடிக்கவில்லை.

அவன் கம்பெனிக்குத் திரும்ப வரவில்லை. அடுத்த பொங்கலுக்குப் பிறகு ஒருநாள், விட்டுப்போன துணிமணிகளை எடுத்துக்கொள்ள வந்தான். நானும் அன்று அங்கே இருந்தேன். இளைத்திருந்தான். குழந்தைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் பால் கொடுக்கிறாள், முகம் அதன் அம்மாவை உரித்து வைத்த மாதிரி இருக்கிறது என்றான். பலூன் கட்டிய பட்டைகள் கம்பெனி மூலையில் குவிந்து கிடந்தன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அந்தப் பட்டையை மட்டும் குடுப்பீங்களா சார்? தூளிக்கு ஆகும். கம்பளி எறக்கத்துல வழுக்குது. இந்த மாசம் ஒருத்தியை எறக்கோணும்."

"எடுத்துக்கோ கண்ணு. எல்லாம் எடுத்துக்கோ."

அவன் குனிந்து பட்டைகளைச் சுருட்டினான். சுருட்டிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா? அன்னிக்கு ரெண்டு மூணு நாளும் மேல பெருங்காத்துங்களா?"

அவன் இன்னொரு பட்டையைச் சுருட்டினான்.

"அம்மா சொல்லுது, அன்னிக்கு ஒரு எலை அசையலையாம். புகைகூட நேரா போச்சாம். அதான் கேட்டேன்."

தையல் பிரிவிலிருந்து மிஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. பலூனை இறக்கிவைத்த சேதி அவனுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காவல்காரர் சொல்லவில்லை. முதலாளி சொல்லவில்லை. என்னிடம்தான் கேட்கிறான், என்னை நம்பித்தான் கேட்கிறான். உண்மைக்கு இரண்டு வார்த்தை போதும். 'நான் இறக்கிவைத்தேன்.' அவன் அந்தப் பட்டையால் என்னை அடித்திருந்தாலும் நியாயம். அழுதிருந்தாலும் நியாயம். எதுவானாலும், தன் மனைவி எதனால் செத்தாள் என்பதாவது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

நான் படித்தவன். என் படிப்பு எனக்கு உதவிக்கு வந்தது.

"கீழ அப்படித்தான் கண்ணு இருக்கும்," என்றேன். "உசரத்துல காத்து வேற. கீழ எலை அசையாது, மேல அடிச்சுட்டு இருக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தலையை ஆட்டினான். "அப்படீங்களா சார். நீங்க சொன்னாச் சரிதாங்க. அம்மாகிட்ட சொல்லறேன். அது நெதமும் அதையே சொல்லி அழுவுது, நாம முட்டாத்தனமா பொறுத்திருந்துட்டமேன்னு." பட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கும்பிட்டான். "வர்றேனுங்க சார்."

அவன் கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் நின்றதும், தோளில் அந்த வெள்ளைப் பட்டைகள் தொங்கியதும், பஸ்ஸில் ஏறும்போது ஒன்று நழுவி விழுந்ததும், கண்டக்டர் அதை எடுத்துக் கொடுத்ததும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பஸ் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ச் சொல்ல நூறடி தூரம்கூட இல்லை.

நண்பர் காலமாகிவிட்டார். காவல்காரர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. அந்தப் பட்டைகளில்தான் இன்றும் அங்கே ஒன்பதாம் மாதத்துப் பெண்களை இறக்குகிறார்கள் என்றும், முன்கம்பைப் பெரும்பாலும் அவனே வந்து தாங்குகிறான் என்றும், பெண் குழந்தை அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்றும் தோப்பில் வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள். அவள் நன்றாகப் படிக்கிறாளாம். வாய் ஓயாதாம். அவன் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள்.

அவர்கள் முட்டாள்தனமாகப் பொறுத்திருக்கவில்லை. சொன்னதை நம்பிப் பொறுத்திருந்தார்கள். அன்று ஓர் இலை அசையவில்லை என்று அந்த அம்மா சொன்னது சரி. மேலேயும் காற்று இல்லை.